மேஸ்திரி குரல் எந்தப் பக்கம்?

மலையைச் சில்லுச் சில்லாக உடைத்து லாரியில் ஏற்றி அனுப்புகிற ஊர் சில்லாம்பாறை. அந்த ஊர்க் கல்லுடைக்கிற கிரஷரில் ஒச்சப்பன், மொக்கையன், தவசி, மாயழகு என்று நாலு பேர் வேலை பார்த்தார்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

ஒருமுறை மேஸ்திரி சந்தைக்குக் கிளம்பும்போது, "தவசி, அந்தப் பெரிய கல்லைக் கொஞ்சம் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தால், தவசி கல்லுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, கண் சிவந்து தண்ணீர் கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். "அது ஒண்ணும் பண்ணல மேஸ்திரி. அப்படியேதான் இருக்கு" என்றான்.

மேஸ்திரி பெயர் சடையாண்டி. ஆள் குள்ளம், குரல் மட்டும் ரெண்டு ஆள் உயரம். மெஷினைப் போடுவது, நிறுத்துவது, சாப்பாட்டு நேரத்துக்குச் சங்கு ஊதுவது எல்லாம் அவர்தான். மோட்டார் ரூமில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சங்கு ஊதும். அந்தச் சங்கு ஊதினால்தான் தங்களுக்குப் பசிக்கிறது என்பதே நாலு பேருக்கும் தெரியும். நாள் முழுக்க அவர் திட்டுவார், இவர்கள் வாங்கிக்கொள்வார்கள். அவர் திட்டாத நாளில் உடம்புக்கு என்னவோ என்று கவலைப்படுவார்கள். அவ்வளவு பாசம்.

இப்படி இருக்கையில், டவுன் ஆபீஸிலிருந்து நிறைமதி என்று ஒரு அதிகாரியம்மா வந்தார். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் மஞ்சள் நிறத்தில் காதுமூடிகள். ரெண்டு கிண்ணத்தை ஒரு வளையத்தில் கோத்ததுபோல இருக்கும். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்கள் தலையில் மாட்டியிருப்பார்களே, அதே ஜாதி.

"இந்த மெஷின் சத்தத்துல இப்படியே நின்னீங்கன்னா, பத்து வருஷத்துல காது போயிடும்" என்றார் அந்தம்மா.

மொக்கையன் சட்டென்று ரெண்டு காதையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "எங்கம்மா போகும்?"

அந்தம்மா ஒரு காதுமூடியைத் தூக்கிக் காட்டினார். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "காது உள்ள எதுவும் இது இல்லாம மெஷின் பக்கம் நிக்கக் கூடாது. சங்கு ஊதுற வரைக்கும் யாரும் கழட்டக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா" என்றார்கள் நாலு பேரும். எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஜீப் கிளம்பின புழுதி அடங்குவதற்குள் மாயழகுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மெஷின் பக்கத்தில் இருந்த தண்ணீர் அண்டாவைக் காட்டினான்.

"அண்ணே, அண்டாவுக்கு ரெண்டு காது இருக்கே."

நாலு பேரில் மூத்தவன் ஒச்சப்பன். அதனால் யோசிக்கிற பொறுப்பு அவனுடையது. நெஞ்சைச் சொறிந்துகொண்டே யோசித்தான். "அண்டாவுக்குக் காது கேக்காதுடா."

"இப்பக் கேக்காதுண்ணே. எத்தனை வருஷமா மெஷின் பக்கத்துலயே நிக்குது பாருங்க. வாங்கிட்டு வந்த புதுசுல கேட்டிருக்கும்ல?"

எல்லோருக்கும் மனசு கனத்துவிட்டது. அண்டாவுக்கு ஒரு காதுமூடியை மாட்டினார்கள். அடுத்து தவசி கோணி ஊசியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்கும் காது இருந்தது, ஆனால் ஒன்றுதான். "ஒண்ணு ஏற்கெனவே போயிருச்சு பாவம்" என்று மீதிக் காதில் பஞ்சைத் திணித்து அடைத்தார்கள். அதற்கப்புறம் ஊசியில் நூல் நுழையவில்லை. ஒரு வாரம் சாக்கு மூட்டைகளை வாய் திறந்தபடியே லாரியில் ஏற்றினார்கள். டவுன் வரைக்கும் ரோட்டில் ஜல்லி கிடந்தது.

காதுமூடி மாட்டின சுகத்தையும் சொல்ல வேண்டும். மெஷின் இரைச்சல் எங்கோ பக்கத்து ஊரில் அடைமழை பெய்வதுபோலக் கேட்டது. ஒரே ஒரு தொந்தரவு. சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது. பின்னால் டிராக்டர் ஹாரன் அடித்தால் முன்னால் யாரோ வருகிறார்கள் என்று மரியாதையாகப் பின்வாங்கி, நேராக டிராக்டர் மேலேயே போய் முட்டிக்கொள்வார்கள்.

ஒருநாள் எங்கோ செல்போன் மணி அடித்தது. நாலு பேரும் மெஷின் அடியில், ஜல்லிக் குவியலில், அண்டாவுக்குள் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் தேடினார்கள். அரைமணி நேரம் விட்டு விட்டு அடித்த மணி, கடைசியில் மொக்கையன் சட்டைப் பையில் அகப்பட்டது. பேசியது அவன் மனைவி.

"இவ்வளவு நேரம் எடுக்காம என்னய்யா பண்ணுனே?"

"உன்னத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றான் மொக்கையன். கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்தில் அவன் சொன்ன முதல் பிரியமான வார்த்தை அது. அவள் அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

இதெல்லாம் விளையாட்டு. வினை ஐப்பசி மாதத்தில் வந்தது.

அன்றைக்கு மத்தியானம், மலைக்குப் பின்னால் கருமேகம் கட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி மெஷினை நிறுத்தினார். சங்கு ஊதுவதற்கு முன்னால் அவருக்கு ஒண்ணுக்கு முட்டியது. போய்விட்டு வந்து ஊதலாம் என்று ஜல்லி மேட்டுக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு பழைய குழி உண்டு. கல் எடுத்துக் கல் எடுத்து ரெண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டிக் கைவிட்ட குழி. அவர் அதன் விளிம்பில் நின்று வேட்டியைத் தூக்கினார். விளிம்பு அவரைத் தூக்கிக் குழிக்குள் போட்டுவிட்டது.

விழுந்த வேகத்தில் வலது கணுக்கால் மடங்கிக்கொண்டது. எழுந்து நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்தால் மண் கையோடு வந்தது. அண்ணாந்து பார்த்தார். மலையில் மழை இறங்கினால் அந்தத் தண்ணீர் அத்தனையும் இந்தக் குழிக்குத்தான் வரும். நீச்சல் தெரியாது. மேஸ்திரிக்கு முதல்முறையாகத் தன் குரல் மேல் மட்டுமே நம்பிக்கை மிச்சமிருந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "டேய்! எருமைங்களா!"

மெஷின் பக்கத்தில் நாலு பேரும் சோற்றுச் சட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் நின்றுவிட்டது, ஆனால் சங்கு ஊதவில்லை. அதனால் காதுமூடி காதிலேயே இருந்தது. சோறு சட்டியிலேயே இருந்தது.

"யாரோ நம்மளக் கூப்புடுறாங்க" என்றான் தவசி.

"மேஸ்திரி குரல்டா" என்றான் ஒச்சப்பன். "எந்தப் பக்கம்?"

நாலு பேரும் நாலு திசையில் கையை நீட்டினார்கள். அவரவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்களோ அந்தப் பக்கம். ஒச்சப்பன் எழுந்து வடக்கே பார்த்து நின்றான். குரல் முன்னாலிருந்து வந்தது. தெற்கே திரும்பினான். அப்பவும் முன்னாலிருந்தே வந்தது.

"நாம திரும்புனா அவரும் கூடவே ஓடி வந்து முன்னாடி நிக்கிறாருடா. இந்த வயசுல இம்புட்டு வேகம் ஆகாது."

மொக்கையன் கொஞ்சம் பயந்துகொண்டே ஒரு யோசனை சொன்னான். "காதுமூடியக் கழட்டிட்டுக் கேட்டா என்னண்ணே?"

"சங்கு ஊதாமக் கழட்டக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லுச்சுல்ல?"

"அப்ப மேஸ்திரியக் கண்டுபிடிச்சு, ஊதச் சொல்லிட்டு, அப்புறம் கழட்டிட்டு, மேஸ்திரியக் கண்டுபிடிப்போம்."

இது சரியான யோசனையாக எல்லோருக்கும் பட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது மட்டும் புரியவில்லை.

அப்போது மாயழகு ஒரு காரியம் செய்தான். நின்றுகொண்டு கேட்டால்தானே குரல் சுற்றுகிறது என்று தரையில் மல்லாந்து படுத்தான். படுத்தாலும் குரல் அவன் முகத்துக்கு நேர் எதிரிலிருந்தே வந்தது. அவன் முகத்துக்கு நேர் எதிரில் வானம் இருந்தது.

"அண்ணே..." என்றான். "மேஸ்திரி மேல இருக்காரு."

ஒருவர் பின் ஒருவராக மூன்று பேரும் படுத்துக் கேட்டார்கள். சந்தேகமே இல்லை. மேலேயிருந்துதான் வந்தது.

பிறகு ஒச்சப்பன் தலையிலிருந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டான். "போயிட்டாரேடா!"

நாலு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். காலையில்தான் மொக்கையனை ஏழு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தார். "நல்லாத்தானே இருந்தாரு, ஏழும் சுத்தமா வந்துச்சே" என்று சொல்லிச் சொல்லி அழுதான் மொக்கையன்.

குழிக்குள்ளிருந்து மேஸ்திரி கத்தினார்: "கயிறு கொண்டாங்கடா!"

அழுகை நின்றது. "கயிறு கேக்குறாரே. மேல போனவருக்கு எதுக்குக் கயிறு?" என்றான் தவசி.

"பாடை கட்டடா மடையா" என்றான் ஒச்சப்பன். "செத்த பிறகும் நம்மளுக்கு வேலை சொல்லிக் குடுக்கிறாரு பாரு. இவர மாதிரி மேஸ்திரி கிடைப்பாரா?"

"மூங்கில் ஏணியத் தூக்கிட்டு வாங்கடா!"

"பாடைக்கு மூங்கில். கரெக்டாச் சொல்றாரு."

"தண்ணி வந்துரும்டா!"

"குளிப்பாட்டத் தண்ணி வருமாம்."

"என்னையத் தூக்குங்கடா! நாலு பேரும் வாங்கடா!"

"தூக்க நாலு பேரு" என்று மாயழகு விரல்விட்டு எண்ணினான். "அண்ணே, நாம சரியா நாலு பேர்தான் இருக்கோம். எப்பவோ கணக்குப் போட்டுத்தான் நம்மள வேலைக்குச் சேத்திருக்காரு."

மூங்கில் ஏணியைப் படுக்கப் போட்டு, அதன் மேல் தென்னை ஓலையைப் பரப்பி, கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். குழிக்குள் விழுந்த மனிதனைக் காப்பாற்ற என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்தப் பாடையில் இருந்தது. அவிழ்க்க முடியாதபடி இருந்தது.

பாடை தயார். மேலே படுக்க ஆள் வேண்டும். ஒச்சப்பன் வானத்தைப் பார்த்துக் கையைக் குவித்துக் கத்தினான்: "மேஸ்திரி! உங்க உடம்பு எங்க இருக்கு?"

"குழியிலடா! குழியில!"

நாலு பேர் முகமும் கறுத்துவிட்டது.

"அதுக்குள்ள புதைச்சிட்டாங்களா?" என்றான் தவசி. "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?"

"யாரு புதைச்சது மேஸ்திரி?" என்று மேலே பார்த்துக் கத்தினான் மொக்கையன். "உங்க மச்சினனா?"

"பழைய குழிடா! பழைய குழி!"

ஒச்சப்பனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "கேட்டீங்களாடா? வேற எவனோ படுத்திருந்த பழைய குழியில போட்டிருக்கானுங்க. ஊருக்கே ஜல்லி குடுத்த மனுசனுக்கு ஒரு புதுக் குழிக்கு வக்கில்லையா? எடுடா மம்பட்டிய!"

சில்லாம்பாறையில் குழி வெட்டுவது லேசில்லை. எங்கே கொத்தினாலும் பாறை. மண் இருக்கிற ஒரே இடம் ஜல்லி மேட்டுக்குப் பின்னால், பழைய கல் குழியை ஒட்டி. பாடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். "அந்தக் குழிப் பக்கம் எவனாவது எட்டிப் பாத்தீங்க, காலை ஒடிச்சிருவேன்" என்று மேஸ்திரி முன்பே எச்சரித்திருந்தார். இறந்தவர் பேச்சை மீறலாமா? நாலு பேரும் குழிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு வெட்ட ஆரம்பித்தார்கள்.

"டேய்! வந்துட்டீங்களாடா!" என்று குழிக்குள் மேஸ்திரி அழாத குறையாகக் கத்தினார்.

"குரல் பெருசாயிருச்சுண்ணே" என்றான் மாயழகு.

ஒச்சப்பன் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தான். "இந்த இடத்துல சொர்க்கம் கொஞ்சம் தாழ்வா இருக்குபோல."

மழை பிடித்துக்கொண்டது. மலைத்தண்ணீர் செம்மண் கரைசலாக வந்து குழிக்குள் இறங்கியது. உட்கார்ந்தபடியே இருந்த மேஸ்திரிக்குத் தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. மேலே மம்பட்டிச் சத்தம் கேட்கிறது. ஆட்கள் ஒரு கை தூரத்தில் நிற்கிறார்கள். ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறான். தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் தீர்ந்து, மேஸ்திரி புதிதாகச் சில வார்த்தைகள் உண்டாக்க ஆரம்பித்தார்.

"சந்தோசத்துல என்னென்னமோ பேசுறாரு பாரு" என்று ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் வேகமாக வெட்டினான்.

புதுக் குழி மார்பளவு ஆழம் ஆனது. ரெண்டு குழிக்கும் நடுவில் இருந்த மண் சுவர் மழையில் ஊறிப் போயிருந்தது. மொக்கையன் கடைசியாக ஒரு கொத்துப் போட்டான். சுவர் பொலபொலவென்று சரிந்தது. சரிந்த மண் மேல் நாலு காலில் தவழ்ந்து, தலை முதல் கால்வரை சேறாக, மேஸ்திரி புதுக் குழிக்குள் வந்து விழுந்தார்.

நாலு பேரும் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள்.

"வந்துட்டீங்களா மேஸ்திரி" என்றான் ஒச்சப்பன் தழுதழுத்து. "படுத்துப் பாருங்க. அளவு சரியா இருக்கா?"

மேஸ்திரிக்குப் புதிதாக உண்டாக்கின வார்த்தைகளும் தீர்ந்துவிட்டிருந்தன. சேற்றில் உட்கார்ந்து நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கணுக்காலைக் காட்டினார். "நடக்க முடியலடா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கடா."

செத்தவர் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போகவேண்டும் என்று தவசி ஒரு கேள்வி எழுப்பினான். அது அவர் கடைசி ஆசையாக இருக்கும் என்று ஒச்சப்பன் தீர்த்துவைத்தான். கட்டின பாடை வீணாகாமல், மேஸ்திரியை அதன் மேல் படுக்கவைத்து, நாலு பேரும் தோளில் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு நடந்தார்கள்.

கடைவீதியில் கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாடையில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "மெதுவாப் போங்கடா, குலுக்காதீங்கடா" என்று வைதபோது, ஒரு டீக்கடைக்காரர் கையிலிருந்த பாலை அப்படியே ஊற்றிவிட்டார்.

எதிரே இன்னொரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்புகிற சங்கு ஊதுகிறவர் வந்தார். நல்ல மனிதர். நாலே பேராக, மேளமில்லாமல் ஒரு பாடை போகிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. கேட்காமலே சங்கை எடுத்து நீட்டி முழக்கி ஊதினார்.

"சங்கு ஊதியாச்சுடா!" என்றான் ஒச்சப்பன்.

நாலு பேரும் ரெண்டு கையாலும் காதுமூடியைக் கழற்றினார்கள். தோளில் இருந்ததைப் பிடிக்க அதற்கப்புறம் கை மிச்சமில்லை.

ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரி ஒரு கால் கட்டுக்குப் போய், ரெண்டு கால் கட்டோடு திரும்பினார்.

விஷயம் கேள்விப்பட்டு நிறைமதி அம்மா மறுநாளே ஜீப்பில் வந்தார். மேஸ்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு பேரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"ஒரு பக்கத்துலேர்ந்து சத்தம் வந்தா, அந்தப் பக்கத்துக் காதுக்கு ஒரு துளி முன்னாடி வரும், கொஞ்சம் பெருசாவும் கேக்கும். முன்னாடியா, பின்னாடியா, மேலயான்னு காது மடல்ல இருக்கிற மேடு பள்ளம் காட்டிக் கொடுக்கும். அதை மூடிட்டா, சத்தம் கேட்டாலும் திசை குழம்பும். அது காதுமூடி போடுற எல்லாருக்கும் உள்ளதுதான். உங்க தப்பு இல்ல."

"எங்க தப்பு இல்லையாம்" என்று ஒச்சப்பன் மேஸ்திரியிடம் சொன்னான். மேஸ்திரி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மொக்கையன் தவசியின் காது மடலை இழுத்துப் பிடித்து மேடு பள்ளங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுல வடக்கு எது?"

அந்தம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டே ரெண்டு காரியம் செய்யுங்க. அந்தப் பழைய குழியைச் சுத்தி வேலி போடுங்க. மெஷின் ஓடும்போது குழிப் பக்கம் ஒரு ஆள் இருக்கணும். யாராவது விழுந்தா எங்க விழுந்தாங்கன்னு அந்த ஆள் உங்களுக்குச் சொல்லணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

பத்து நாள் கழித்து அவர் திரும்ப வந்தார். குழியைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தது, பார்க்கவே லட்சணமாக. அந்தம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. மெஷின் பக்கத்தில் ஒச்சப்பனும் மாயழகும் மட்டும் நின்றிருந்தார்கள்.

"மொக்கையன் எங்கே?"

"குழியிலம்மா."

"ஐயோ, விழுந்துட்டானா?"

"இல்லம்மா, டூட்டியில இருக்கான். குழிப் பக்கத்துல ஆள் இருக்கணும்னு சொன்னீங்க. மேல நின்னா விழுற ஆளு தூரமாயிடுறான். அதான் உள்ளயே எறக்கி விட்டுட்டு வேலியப் போட்டோம். எவன் விழுந்தாலும் மொக்கையன் பக்கத்துலதான் விழுந்தாகணும்."

அந்தம்மா பக்கத்திலிருந்த அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விழுந்தா மொக்கையன் உங்களுக்கு எப்படிச் சொல்வான்?" என்று கேட்டார்.

"சத்தம் போடுவாம்மா."

"நீங்க ரெண்டு பேரும் காதுமூடி போட்டிருப்பீங்களே. அவன் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இவ்வளவு படித்த அம்மாவுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று ஒச்சப்பனுக்கு உள்ளபடியே பாவமாக இருந்தது. குரலைத் தாழ்த்தி, அந்தம்மா மனசு நோகாதபடி சொன்னான்:

"அதச் சொல்றதுக்குத்தாம்மா தவசியையும் உள்ள எறக்கியிருக்கோம்."